பதிவு எண் இல்லாத சங்கம்

பனித்திட்டு
22.01.2024

அன்புத் தம்பி ராஜ்கமலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் நலம். அங்கே ஜெயசுதாவும் வெண்ணிலாவும் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? பொங்கலுக்கு நீ வராததைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது பொய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் நீ "சரிக்கா, பாத்துக்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். எனக்கு இப்போது வேண்டியது எழுத்தில் வேண்டும். நாலு பேருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்று ஒரு கூடம் கட்டினார்களே, கூரை, தண்ணீர்க் குழாய், மீன் வெட்டும் மேடை எல்லாம் வைத்து. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டுதான் தொங்குகிறது. சாவி ஐஸ் கம்பெனி உலகநாதனிடம். தன் ஐஸ் பெட்டிகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார். போன வாரம் திரௌபதி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மேடைமேல் அவர் வீட்டு நாய் படுத்துக் கிடந்ததாம். "நமக்குக் கட்டுன மேடைல அவன் நாய் தூங்குது. நாம வெளிய மணல்ல குந்திக்கினு ஊர் நாய ஓட்டிக்கினு கெடக்கிறோம்" என்று காறித் துப்பினாள்.

ஆபீசில் போய்க் கேட்டேன். பதிவு செய்த சங்கம் இருந்தால் அவர்களுக்குத்தான் சாவி என்றார்கள். அப்படியானால் நாங்களே ஒரு சங்கம் வைக்கிறோம். சங்கம் பதிவு செய்கிற கூட்டுறவுத் துறையில்தானே நீ வேலை பார்க்கிறாய். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுது.

வெண்ணிலாவுக்கு அத்தையின் முத்தம்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும் அக்கா,
வைஜெயந்தி

*

மாஹே
05.02.2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா கடலுக்குப் போகிறாரா?

உன் கடிதத்தை ஜெயசுதாவிடம் படித்துக் காட்டினேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நான் ஆபீசில் நாள் முழுக்கச் சங்கங்களின் காகிதத்தைப் புரட்டுகிறேன். பாதிச் சங்கங்கள் பேருக்கு இருப்பவை. உண்மையிலேயே வேலை செய்கிற கைகள் கேட்கிற முதல் சங்கம் என் அக்காவுடையது.

எல்லாருக்கும் படித்துக் காட்டு. முதலில் மீன் விற்கிற பெண்கள் மட்டும் கூடுங்கள். சங்கத்துக்குப் பெயர் வையுங்கள். உங்களில் ஒருவரை முதன்மை அமைப்பாளராகத் தேர்ந்தெடுங்கள், அது நீயாகத்தான் இருப்பாய். சங்கம் எப்படி நடக்கும் என்று துணைவிதி எழுத வேண்டும், மாதிரியை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாரும் கையெழுத்திட்டு விண்ணப்பத்தைக் கொடுத்தால் ஓர் ஆய்வாளர் ஊருக்கு வந்து விசாரிப்பார். பிறகு பதிவு எண். நீ போனில் சொன்ன கணக்குப்படி சட்டம் சொல்கிற எண்ணிக்கைக்குச் சரியாகத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நாலைந்து பேர் விலகினால் விண்ணப்பம் செல்லாது. அதனால் பின்வாங்காதவர்களாகப் பார்த்துச் சேர்.

பதிவு ஆகிவிட்டால் சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். தன் பெயரில் கட்டடம் எடுக்கலாம், வழக்குப் போடலாம். உலகநாதன் உன்னை மிரட்டலாம், திரௌபதி அக்காவை மிரட்டலாம். சங்கத்தை மிரட்ட முடியாது.

ஊருக்கு மாறுதல் கேட்டு மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெண்ணிலா இப்போது தமிழைவிட மலையாளம் நன்றாகப் பேசுகிறாள். ஜெயசுதா ராத்திரியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கிடைக்கும், பார்க்கலாம்.

என்றும் உன் தம்பி,
ராஜ்கமல்

*

பனித்திட்டு
11.03.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். முழங்கால் கிடக்கிறது, விடு.

உன் கடிதத்தைக் கரையில் வைத்துப் படித்தேன். செல்லக்கண்ணுவைத் தெரியும்தானே, புருஷன் போனபிறகு தனியாகக் கூடை தூக்குகிறவள், என் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் இருப்பவள். அவள் "சங்கத்த மெரட்ட முடியாதுன்னு எழுதிக்கீதே, அத்த இன்னொரு வாட்டி படி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னைத்தான் அமைப்பாளர் ஆக்கினார்கள்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் திரௌபதி அக்காவும் செல்லக்கண்ணுவும் போனோம். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினோம். அதிகாரியின் அறைக்குள் கால் வைத்ததும் அந்த ஆள் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தான். பியூனைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து நாங்கள் நின்ற இடத்தைச் சுற்றி அடித்தான். மல்லிகைப்பூ வாசனை. என் வாய்க்குள் போய்விட்டது.

"இன்னா சார், நாங்க இன்னா கொசுவா, மருந்தடிக்கிற?" என்றாள் திரௌபதி அக்கா.

அவன் காகிதத்தை நுனிவிரலால் புரட்டினான். "குறை இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றான். இன்னா குறை என்று கேட்டேன். "நீங்களே பாத்துக் கண்டுபிடிங்க. சங்கம் வைக்க வர்றீங்க இல்ல?"

இவன் வீட்டு வஞ்சிரத்துக்கு மட்டும் நாற்றம் கிடையாதா? பஸ்ஸில் வரும்போதும் சேலையில் அந்த மல்லிகைதான் அடித்தது. திண்டிவனத்திலிருந்து வரும் பூவைக்கூட இனிமேல் தலையில் வைக்க மாட்டேன் போலிருக்கிறது.

காகிதங்களை அனுப்பியிருக்கிறேன். குறை என்ன என்று பார்.

அக்கா,
வைஜெயந்தி

*

மாஹே
20.03.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே சுகம். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அதிகாரியை எனக்குத் தெரியும், அவருக்குக் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான். மனதில் வைத்துக்கொள்ளாதே.

சங்கம் எந்த ஊர்களில் செயல்படும் என்ற எல்லையைத் துணைவிதியில் சரியாக எழுதவில்லை, அவ்வளவுதான். திருத்தியிருக்கிறேன். இனி அவர் வாங்கியே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும். அடுத்த முறை போகும்போது வியாபாரத்துக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போங்கள். அவர்களுக்கு ஏன் ஒரு சாக்குக் கொடுக்க வேண்டும்?

வெண்ணிலாவுக்குப் பரீட்சை. அத்தையைக் கேட்டாள்.

உன் தம்பி,
ராஜ்கமல்

*

பனித்திட்டு
06.05.2024

தம்பிக்கு,

எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது. மாமா வலை தைக்கிறார்.

நீ சொன்னபடியே போனோம். மீனைத் தொட்டுப் பல நாள் ஆகியிருந்தது. மஞ்சள் தேய்த்துக் குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு போனோம். அவன் அப்போதும் கர்சீப்பை எடுத்தான். அப்போதும் ஸ்பிரே அடித்தான். எங்கள் மேல் இல்லாத நாற்றம் அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்று அங்கே நின்றுகொண்டே யோசித்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை எல்லாருக்கும் படித்தபோது, வியாபாரத்துக்குப் போகாத நாளில் போ என்று நீ எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். அவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டான். வாங்கிய மூன்றாம் நாள் உலகநாதன் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாமா வைஜெயந்தி, சங்கமாமே?"

"ஆமா."

"ஒனக்கு எதுக்குமா இந்த அலைச்சல்? எங்க வூட்டு அம்மாவ தலைவியா போட்டுக்க. நம்பர நான் வாங்கித் தரேன்."

"உங்க வூட்டு அம்மா எந்த ஊர்ல மீன் விக்கிறாங்க?"

சிரித்தார். பல்லெல்லாம் பாக்குக் கறை. எழுந்து போகும்போது மாமாவைப் பார்த்து, "மச்சான் மாஹேல கீறான் இல்ல? பாவம்பா, எவ்ளோ தூரம். ஒரு வார்த்த சொன்னா இங்க இட்டாந்துடலாம்" என்றார்.

அவர் உட்கார்ந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் போட்டேன். அவர் உனக்குப் போன் செய்வார். எடுக்காதே. பேசினாரா என்று மட்டும் எனக்கு எழுது.

அக்கா,
வைஜெயந்தி

*

பனித்திட்டு
24.06.2024

தம்பிக்கு,

உடம்பு சரியில்லையா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் ஜெயசுதா எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொல்கிறாள். எந்த நேரம் செய்தாலும் வெளியே போயிருக்கிறாய்.

விசாரணைக்கு ஆய்வாளர் வந்தார். கரைக்கு வரவில்லை. ஐஸ் கம்பெனி ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் உலகநாதன். "நீ நெஜமாவே மீன் விக்கிறியா?" என்று திரௌபதி அக்காவிடம் கேட்டாராம். கூடையோடு போனவளிடம் கேட்கிற கேள்வியா இது? செல்லக்கண்ணு பயந்துபோய் வந்தாள். "சங்கத்த மெரட்ட முடியாதுன்னு சொன்னியே" என்று என்னைக் கேட்டாள். இன்னும் பதிவாகவில்லை, பதிவாகட்டும் என்றேன்.

என்ன ஏது என்று ஒரு வரி எழுது. உலகநாதன் உன்னிடம் பேசினாரா?

அக்கா

*

மாஹே
08.07.2024

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்தல் வேலை, அது முடிந்ததும் ஆடிட், வெண்ணிலாவுக்குக் காய்ச்சல். இங்கே மழை விடவே இல்லை. சுவரெல்லாம் பூஞ்சை. ஜெயசுதா இங்கே இருக்க முடியாது என்கிறாள்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். இப்போது நமக்கு முக்கியம் பதிவு. யார் தலைவி என்பது பிறகு. முதல் தடவை மட்டும் உலகநாதன் வீட்டு அம்மாவின் பெயரைப் போட்டுக்கொண்டால் காரியம் சுலபமாக முடியும். பிறகு தேர்தல் வரும், மாற்றிக்கொள்ளலாம். ஊரோடு பகைத்துக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறோம்? எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ராஜ்கமல்

*

பனித்திட்டு
19.07.2024

தம்பிக்கு,

வெண்ணிலாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நிலவேம்பு கொடு.

படித்துக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். முன்பு ஒரு வரியை விட்டுப் படித்ததற்கே எனக்கு மனது உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் இதை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன்.

திரௌபதி அக்கா, "ஒன் தம்பி எழுத்து மாதிரியே இல்லயேடி. பக்கத்துல யாரோ குந்திக்கினு சொல்லச் சொல்ல எழுதுன மாதிரி கீது" என்றாள்.

செல்லக்கண்ணுதான் உனக்காகப் பேசினாள். "படிச்ச புள்ள. அதுக்கு ஆபீஸ் வெவகாரம் தெரியும். நம்மளுக்குக் கெடுதலா சொல்லும்?"

கையைத் தூக்கச் சொன்னேன். உலகநாதன் மனைவி வேண்டாம் என்று எல்லாரும் தூக்கினார்கள். செல்லக்கண்ணுவும் தூக்கினாள், கடைசியாக. மீன் கூடையைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற அம்மாளை மீன் விற்கிற பெண்களுக்குத் தலைவியாக்கச் சொல்கிறாயே, எழுதும்போது உனக்கு ஒரு மாதிரியாக இல்லையா?

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. மறுபடி கேட்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேர். குழந்தையை அழைத்துக்கொண்டு வா. செங்கழுநீர் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு நேரில் உட்கார்ந்து பேசுவோம்.

அக்கா,
வைஜெயந்தி

*

மாஹே
02.09.2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் மாமாவும் சுகம்தானே? தேருக்கு வர லீவு கிடைக்கவில்லை. குழந்தைக்கு ரொம்ப ஏமாற்றம்.

நல்ல செய்தி. மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் அங்கே சேர்கிறேன். வில்லியனூரில் வீடு பார்த்தாயிற்று. ஜெயசுதா இன்று பாயசம் வைத்தாள். இனி நினைத்தபோதெல்லாம் அக்கா வீட்டுச் சாப்பாடு. மற்றதை நேரில் பேசலாம்.

உன் ராஜ்கமல்

*

பனித்திட்டு
20.09.2024

ராஜ்கமலுக்கு,

விண்ணப்பம் தள்ளுபடி என்று தபால் வந்தது. உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லையாம், ஏழு பேர் விலகிவிட்டார்களாம். அதே வாரத்தில் உலகநாதன் மனைவியைத் தலைவியாகப் போட்டு வேறொரு சங்கம் பதிவாகி, கூடத்தின் நெற்றியில் போர்டும் மாட்டியாயிற்று. உள்ளே அதே ஐஸ் பெட்டிகள்.

யார் அந்த ஏழு பேர் என்று நான் அலையவில்லை. நேற்றுக் காலையில் செல்லக்கண்ணு தானாகவே வந்தாள். உள்ளே வாடி என்றால் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஒனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சுன்னு நெனச்சேன் வைஜெயந்தி."

"இன்னாடி நடந்துச்சு?"

"தேருக்கு மறுநாள் ஒன் தம்பி எங்க வூட்டுக்கு வந்துச்சே. வெலகிக்கிறோம்னு எழுதிக் குடுங்க, அக்காதான் அனுப்பிச்சாங்க, அப்பதான் எல்லாருக்கும் சேத்து ஒரே சங்கமா நம்பர் கெடைக்கும்னு சொல்லுச்சு. அது எழுதுன கடுதாசிய எத்தினி வாட்டி கேட்டுக்கீறோம். அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டோம்."

"ராஜ்கமலா? ஒழுங்காப் பாத்தியா?"

"நான் பாக்காமயா? உலகநாதன் கார்ல வந்து எறங்குச்சு. மோர் குடுத்தேன், குடிச்சிட்டுப் போச்சு."

செல்லக்கண்ணு வீட்டிலிருந்து பார்த்தால் நம் வீட்டு வாசல் தெரியும். தேருக்கு மறுநாள் நான் வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்திருப்பாய். அவள் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டே பார்த்திருப்பாய்.

மாறுதல் வேண்டும் என்று நீ என்னிடம் கேட்டிருந்தால், நானே போய் அந்த உலகநாதன் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அது வேறு. உன் கடிதங்களை நான்தான் கரையில் உட்கார்ந்து ஊருக்குப் படித்தேன். உன் பேச்சை நம்பலாம் என்று அவர்களுக்கு நான்தான் பழக்கினேன். அதை எடுத்துக்கொண்டு போய் ஏழு வீட்டில் செலவு செய்துவிட்டாய்.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது. நேற்றிலிருந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறேன். கூடையில் ஒரு மீன் அழுகினால் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு அடுத்ததை விற்கத் தெரியும் எனக்கு. கூடப் பிறந்தவனை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று கொடுவா மீன் வாங்கி வைக்க ஆளிடம் சொல்லியிருக்கிறார்.

வைஜெயந்தி

*

வில்லியனூர்
14.10.2024

அன்பு அக்காவுக்கு,

சௌக்கியமா? நாங்கள் இங்கே வந்து சேர்ந்துவிட்டோம். போன் செய்தால் நீ எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யாரோ ஏதோ சொல்லி நீ மனதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய். சட்டப்படி ஒரு தவறும் நடக்கவில்லை. அவர்களாகத்தான் விலகினார்கள். ஒரே ஊரில் இரண்டு சங்கம் இருந்தால் இரண்டுமே உருப்படாது என்பது உனக்கும் தெரியும். ஜெயசுதா எந்த நிலையில் இருந்தாள் என்று அருகில் இருந்து பார்த்தவன் நான். குடும்பம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

பாகூர் பகுதிக்கு இனி நான்தான் ஆய்வாளர், அந்தப் பக்கத்துச் சங்கங்கள் எல்லாம் என் பார்வைக்குத்தான் வரும். உனக்கு என்ன உதவி வேண்டுமோ கேள். அந்தச் சங்கத்தில் உன்னைத் துணைத் தலைவி ஆக்கச் சொல்லிப் பேசிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். அத்தை வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும் என்கிறாள் வெண்ணிலா. வந்துவிடு.

உன் தம்பி,
ராஜ்கமல்

*

பனித்திட்டு
27.01.2025

அனுப்புநர்:
த. வைஜெயந்தி, முதன்மை அமைப்பாளர்,
தலைச்சுமை மீன் விற்பனைப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் (பதிவு செய்யப்படவுள்ளது)

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள், பாகூர் பகுதி

ஐயா,

பொருள்: புதிய சங்கம் பதிவு கோருதல்.

வணக்கம். நாங்கள் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

எங்கள் முந்தைய விண்ணப்பம் சென்ற செப்டம்பர் மாதம் தள்ளுபடி செய்யப்பட்டது. அப்போது விலகிய ஏழு பேரும் திரும்ப வந்து சேர்ந்துள்ளனர். கூடத்தில் உட்கார வேண்டுமானால் ஐஸ் கம்பெனியில் மட்டுமே ஐஸ் வாங்க வேண்டும், அவர்கள் காட்டுகிற ஆளுக்கு மட்டுமே மீன் போட வேண்டும் என்று அந்தச் சங்கத்தார் சொன்னதால் வந்துவிட்டார்கள். பக்கத்து ஊரான மூர்த்திக்குப்பத்துப் பெண்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். இனி நாலைந்து பேர் விலகினாலும் எண்ணிக்கை போதாமல் போகாது.

எங்களுக்கு அந்தக் கூடம் வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு சங்கம் கூடாது என்று தாங்கள் கருதுவதால், சங்கத்தின் எல்லையை நாங்கள் குடியிருக்கும் ஊராக எழுதவில்லை. கூடை சுமந்துபோய் மீன் விற்கும் ஊர்களாகிய பாகூர், கிருமாம்பாக்கம், கரிக்கலாம்பாக்கம் என்று எழுதியிருக்கிறோம். கரிக்கலாம்பாக்கத்தில் வயலை மனை போட்டுக் குடிவந்தவர்கள் தங்கள் நகர் முனையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்களே கொட்டகை போட்டுத் தை முதல் தேதியிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். ஒரு லோடு ஆட்டோவும் பேசியிருக்கிறோம். பதிவு எண் வந்தாலும் வராவிட்டாலும் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். ஆனால் எண் வேண்டும். அது எங்களுக்குச் சேர வேண்டியது.

இம்முறை துணைவிதியை நாங்களே எழுதினோம். திரௌபதி அவர்கள் சொல்ல, நான் எழுத, எல்லாரும் கேட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். குறை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். போனில் தெரிவிக்க வேண்டாம். இதன் நகலை மேல் அதிகாரிக்கும் அவருக்கு மேலே உள்ளவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.

தாங்கள் விசாரணைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், உறுப்பினர்கள் அனைவரும் கரிக்கலாம்பாக்கம் கொட்டகையில் கூடியிருப்போம். எந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செல்லக்கண்ணு என்பவரும் அங்கே இருப்பார். அவரைத் தங்களுக்கு அடையாளம் தெரியும்.

என் வீட்டுக்கு வரத் தேவையில்லை.

இப்படிக்கு,
த. வைஜெயந்தி,
முதன்மை அமைப்பாளர்